காசு போட்டால் வெளிச்சம்: காரவாஜ்ஜோவை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஊர்சுற்றி:
ரோம், சான் லூயிஜி தேவாலயம், இடப்பக்கக் கடைசிச் சிற்றாலயம். காசு போட்டால்தான் விளக்கு எரியும், தெரியுமில்லையா. யாரோ போட்ட காசில் இத்தாலிய ஓவியர் காரவாஜ்ஜோவின் ‘மத்தேயுவின் அழைப்பு’ படத்தை, அதாவது வரி வசூலிக்கிற மத்தேயுவை இயேசு சீடராக அழைக்கும் காட்சியை, ஓசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். இயேசுவின் தலைக்கு மேலே சாய்வாக இறங்குகிற அந்த வெளிச்சத்தோடு போய், மேசைக் கோடியில் தலை நிமிராமல் காசு எண்ணும் மத்தேயுவிடம் வந்தேன், டக்கென்று அணைந்துவிட்டது. இருபது பேர் இருப்போம், ஒருத்தரும் அசையவில்லை. படத்தின் கறுப்பு சுவரோடு கலந்துபோய், தொப்பியில் செருகிய வெள்ளை இறகு மட்டும் லேசாகத் தெரிந்தது. என் பையிலும் சில்லறை இருந்தது. போடவில்லை.

தாடி_கட்சி:
எண்ணும் பையனா மத்தேயு? நெஞ்சுக்கு நேரே விரலைக் காட்டி ‘நானா?’ என்கிற தாடிக்காரர்தான். அதே சிற்றாலயத்தின் மற்ற இரண்டு படத்திலும் மத்தேயுவுக்குத் தாடி இருக்கிறதே, திரும்பிப் பார்க்கவில்லையா? இதே சண்டையை அங்கேயே என் மனைவியோடு போட்டு, வெளிச்சம் இருந்த நேரமெல்லாம் வீணாகப் போனது.

நடைவண்டி:
அது கிடக்கட்டும். மால்டாவின் தலைநகர் வலெட்டா, காரவாஜ்ஜோ 1608இல் வரைந்த ‘திருமுழுக்கு யோவானின் சிரச்சேதம்’. ஐந்து மீட்டருக்கு மேல் அகலம், அதில் பாதி வெறும் சுவரும் இருட்டும். அவர் கையெழுத்துப் போட்ட ஒரே படம், அதுவும் கழுத்திலிருந்து வழியும் ரத்தத்தில், அதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு மறக்காதது வேறு. வாள் தரையில் கிடக்கிறது, வெட்டினவன் முதுகுப் பக்கம் கைவிட்டுச் சின்னக் கத்தியை உருவுகிறான். தலை இன்னும் முழுசாகப் போகவில்லை. என் பெண் ‘இன்னொரு தடவையா அப்பா?’ என்றாள்.

சில்லறைக்காரி:
ரோமிலேயே சாந்தா மரியா தெல் போபொலோ தேவாலயத்தில், பவுல் குதிரையிலிருந்து விழுந்து கிடக்கிற அவருடைய படத்தில் குதிரையைத்தான் பார்த்தேன், முன்னால் அவ்வளவு கூட்டம், அவ்வளவுதான் என் கதை. போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சான் லூயிஜியில் விளக்கு அணைந்ததும் ஓடாதீர்கள், கண் பழகட்டும். 1600இல் அங்கே மின்விளக்கா இருந்தது? மெழுகுவர்த்தியும் பீடத்துக்கு மேலே இருக்கிற ஜன்னலும்தான். படத்துக்குள் வெளிச்சம் வலப்பக்கமிருந்து, அந்த ஜன்னல் பக்கமிருந்தே வருவதுபோல வரைந்திருக்கிறார். படம் பக்கச் சுவரில் இருப்பதால் கம்பியோரம் நின்று சாய்வாகத்தான் பார்க்க முடியும், நேரே நிற்க இடம் தேடி அடுத்தவரை இடிக்காதீர்கள். அப்புறம் பக்கத்துத் தெருக்களிலேயே சாந்த் அகொஸ்தினோ தேவாலயம், அங்கே இருக்கிற காரவாஜ்ஜோ படத்தில் மாதா முன்னால் மண்டியிட்ட யாத்திரிகரின் அழுக்குப் பாதம் நம் முகத்துக்கு நேரே நிற்கும். ஊர்சுற்றி, அடுத்த முறை நீங்கள்தான் காசு போட வேண்டும்.