பத்தாவது வழக்கு

குழு: நம் வீட்டார்
சனிக்கிழமை, இரவு 8.40

அத்தை: (பலமுறை பகிரப்பட்டது) நம் தொகுதி வேட்பாளர் மீது பத்து வழக்குகள்! இந்தக் குற்றவாளிக்கா உங்கள் வாக்கு? உடனே பத்துப் பேருக்கு அனுப்புங்கள்!

அத்தை: பார்த்தீர்களா? இவருக்குத்தான் போடப் போகிறேன் என்று சின்னவன் போன வாரம் குதித்தான்.

பெரியப்பா: ‘குற்றவாளி’ தவறு. ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்று இருக்க வேண்டும்.

அத்தை: அண்ணா, ஓய்வு பெற்ற பிறகும் சிவப்பு மையா?

பெரியப்பா: வழக்குப் போட்டால் குற்றம் சாட்டப்பட்டவர். தீர்ப்பு வந்த பிறகுதான் குற்றவாளி. நம் தேர்தல் சட்டமே இந்த இரண்டு சொல்லுக்கு நடுவில்தான் நிற்கிறது.

சின்னவன்: சிறைக்குப் போனவர் ஆளக் கூடாது என்றால் ராஜாஜியும் காமராஜரும் ஆண்டிருக்க முடியாது அத்தை.

அக்கா: ஒவ்வொரு தேர்தலுக்கும் அவர்கள் இருவரையும் யாராவது இழுத்துவந்து சாட்சிக் கூண்டில் ஏற்றிவிடுகிறீர்கள். அவர்கள் வெள்ளைக்காரனை எதிர்த்துத் தாமே விரும்பிச் சிறை போனவர்கள். முதலில் இவருடைய பிரமாணப் பத்திரத்தைப் படிப்போம்.

அத்தை: அது நமக்கெல்லாம் கிடைக்குமா?

அக்கா: தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலேயே இருக்கும். படிவம் 26. வேட்பாளரின் வழக்கு, சொத்து, படிப்பு எல்லாவற்றையும் அறிவது வாக்காளரின் உரிமை என்று 2002இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு வந்த ஏற்பாடு. அதில் பொய் எழுதினால் ஆறு மாதம் வரை சிறை. இருங்கள், இறக்குகிறேன்.

சித்தி: அதற்குள் ஒரு சந்தேகம். வழக்கு உள்ளவரை நிற்கவே விடக் கூடாது என்று ஏன் சட்டம் இல்லை?

அக்கா: 2018இல் அதைத்தான் உச்ச நீதிமன்றத்தில் கேட்டார்கள். தண்டனை வராதவரைத் தடுக்க எங்களால் முடியாது, நாடாளுமன்றம்தான் சட்டம் இயற்ற வேண்டும் என்று ஐந்து நீதிபதிகளும் சொல்லிவிட்டார்கள். வழக்குகளை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரம் செய்யச் சொன்னது அந்தத் தீர்ப்புதான்.

பெரியப்பா: தடுக்காதது ஒருவகையில் நல்லது. இல்லையென்றால் பிடிக்காதவர் மீது தேர்தலுக்கு முந்தைய மாதம் ஒரு வழக்கைப் போட்டால் போதும், போட்டியே முடிந்துவிடும்.

நான்: தண்டனையை வைத்து அளப்பதும் சில நேரம் அப்படித்தான் ஆகிறது பெரியப்பா. 2023இல் ராகுல் காந்திக்கு அவதூறு வழக்கில் சூரத் நீதிமன்றம் இரண்டு ஆண்டு கொடுத்தது, மறுநாளே எம்.பி. பதவி போயிற்று. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்ததும் திரும்ப வந்தது. ஒரு நாள் குறைத்துக் கொடுத்திருந்தால் போயே இருக்காது.

அக்கா: ஆமாம், 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 8ஆம் பிரிவு. பொதுவாக இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை என்றால் தகுதி போகும். விடுதலையான பிறகும் ஆறு ஆண்டு நிற்க முடியாது. ஊழல் போன்ற சில குற்றங்களுக்கு அபராதம் விதித்தாலே போதும். பதவியில் இருப்பவர்களுக்கு மேல்முறையீட்டுக்காக மூன்று மாதச் சலுகை இருந்தது. 2013இல் அதுவும் போய்விட்டது.

அத்தை: 2001 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தண்டனை இருந்தும் ஜெயலலிதா முதலமைச்சர் ஆனார். செப்டம்பரில் அந்த நியமனம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, பன்னீர்செல்வம் வந்தார்.

பெரியப்பா: டிசம்பரில் உயர் நீதிமன்றம் விடுவித்தது, மார்ச்சில் அவரே மீண்டும் முதலமைச்சர். அதையும் சேர்த்துச் சொல்.

அக்கா: வந்துவிட்டது. நிலுவையில் ஒன்பது. ஏழு, சாலை மறியலும் அனுமதியின்றிக் கூடியதும். ஒன்று சுவரொட்டி. ஒன்று, அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் தடுத்தது. அது அந்தக் குடிநீர் முற்றுகை.

சின்னவன்: அத்தை, அந்த முற்றுகையில் குடத்தோடு நின்றீர்களே!

அத்தை: நான் ஓரமாக நின்றேன்.

அக்கா: பத்தாவது, முடிந்த வழக்கு. கவனக்குறைவாக வண்டி ஓட்டி ஓர் உயிர் போயிருக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவு. ஓராண்டுத் தண்டனை. அனுபவித்துவிட்டார்.

இரவு 9.05

அத்தை: குடித்துவிட்டு ஓட்டினார் என்று அன்றைக்கே பேசிக்கொண்டார்கள்.

அக்கா: இருக்கலாம். படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

சின்னவன்: அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயது. இருபது ஆண்டு ஆகிவிட்டது. சட்டம் தடுக்கவில்லை, தண்டனையும் முடிந்தது. ஒரே குற்றத்துக்கு ஒருவரை எத்தனை முறை தண்டிப்பது?

அக்கா: கட்சி சொன்ன காரணத்தையும் கேளுங்கள். இப்படிப்பட்டவரை ஏன் நிறுத்துகிறோம் என்று கட்சிகள் எழுதி வெளியிட வேண்டும், ‘வெற்றி வாய்ப்பு’ மட்டுமே காரணம் ஆகாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இவர்கள் எழுதியிருப்பது: ‘மக்கள் செல்வாக்கு மிக்கவர்.’

பெரியப்பா: வெற்றி வாய்ப்புக்கு வேறு சொல் தேடியிருக்கிறார்கள். அகராதி வீட்டில் இருக்கிறது போலும்.

சித்தப்பா: நான் ஒன்று சொல்லலாமா?

அத்தை: நீ இந்தக் குழுவில் இருப்பதே எனக்கு மறந்துபோயிற்று. சொல்லப்பா.

சித்தப்பா: நான் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய இரவுகள் உங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கு எதிரே யாரும் வரவில்லை. அவருக்கும் எனக்கும் அவ்வளவுதான் வேறுபாடு. அவரை ஏச எனக்கு வாய் வரவில்லை.

சித்தப்பா: ஆனால் குடியை விட்ட அன்றே நீங்கள் என்னோடு பேசினீர்கள், பக்கத்தில் உட்கார்த்திச் சோறு போட்டீர்கள். கடைச் சாவியை மட்டும் தரவில்லை. அப்போது எனக்குக் கோபம்தான்.

சித்தி: ஐந்தாம் ஆண்டில் கொடுத்தேன்.

சித்தப்பா: ஐந்தாம் ஆண்டு, மூன்றாம் மாதம். சோறு வேறு, சாவி வேறு. இவர் சாவியைக் கேட்கிறார்.

சின்னவன்: அவரும் இருபது ஆண்டு காத்திருந்தாரே சித்தப்பா.

சித்தப்பா: நான் காத்திருந்ததற்காகவா சாவி வந்தது? யாரிடம் எவ்வளவு வாங்கினேன், யார் மீது கை வைத்தேன் என்று கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னேனே, அதற்காக. அந்த விபத்தைப் பற்றி அவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை. படிவத்தில் எழுதியது, சட்டம் கேட்டதால்.

நான்: எனக்கும் உறுத்துவது அதுதான். மறியல் வழக்குகளை மேடைதோறும் பதக்கம் போல எண்ணிக் காட்டுகிறார். ‘மக்களுக்காக ஒன்பது வழக்கு வாங்கியவன் நான்’ என்கிறார். பத்தாவதை எண்ணுவதே இல்லை.

சின்னவன்: ஒன்பது என்றுதான் சொன்னார். நானும் கைதட்டினேன்.

அக்கா: விளம்பரம் கூட நேற்று நாளிதழில் வந்தது. உள்பக்கத்தில் ஒரு மூலை. படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும்.

அத்தை: நான் அனுப்பியதில் பத்து என்று சரியாகத்தான் இருந்தது.

பெரியப்பா: எண் சரி, சொல் தவறு என்று நினைத்தேன். பத்தாவது வழக்கைப் பொறுத்தவரை சொல்லும் சரிதான். என் திருத்தத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

சித்தி: நாளைக் காலை ஒன்பது மணிக்கு நம் தெருவுக்கு வாக்குக் கேட்டு வருகிறாராம்.

சித்தப்பா: வரட்டும். நான் கேட்கிறேன்.

சின்னவன்: அத்தனை பேர் முன்னிலையிலா?

சித்தப்பா: கூட்டத்தில் வேண்டாம். வாசல் படியில், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

அத்தை: என்னவென்று?

சித்தப்பா: இறந்தவருடைய பெயர் நினைவிருக்கிறதா என்று.

இரவு 9.31

அத்தை: அவர் பெயர் என்ன? நம்மில் யாருக்காவது தெரியுமா?

இரவு 9.40

பெரியப்பா: எனக்கும் தெரியவில்லை. காலை எட்டு மணிக்குள் விசாரித்துச் சொல்கிறேன்.