பாரிஸ்–ரூபே: பெயரில் மட்டும் ஏன் பாரிஸ்?

கேள்வி – ஒற்றைக்கியர்
பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயம் கிளம்புவது பாரிஸுக்கு வடக்கே இருக்கும் கொம்பியேன் ஊரில். பிறகு பெயரில் பாரிஸ் எதற்கு? ‘வடக்கின் நரகம்’ என்கிறார்களே, அது கல் பாவிய சாலைகளால் வந்த பெயரா? 1896-லிருந்தே இதே சாலைகள்தானா?

செயின்கவர்
முதல் பந்தயம் 1896 ஏப்ரல் 19-ல் பாரிஸிலிருந்துதான் கிளம்பியது. சுமார் 280 கி.மீ. பந்தயம் முடியும் வடக்கு பிரான்ஸ் ஊரான ரூபேயின் ஜவுளி முதலாளிகள் தியோதோர் வியென், மொரிஸ் பெரெஸ் இருவரும் தாங்கள் கட்டிய வெலோட்ரோமுக்கு (சைக்கிள் பந்தய மைதானம்) கூட்டம் சேர்க்கப் போட்ட திட்டம் அது. ஜெயித்தவர் ஜெர்மன்காரர் யோசஃப் ஃபிஷர். தொடக்கம் 1966-ல் ஷான்டியிக்கும் 1977-ல் கொம்பியேனுக்கும் போய்விட்டது. பெயர் மட்டும் நகரவில்லை.

‘நரகம்’ 1919-ல் ஒட்டிக்கொண்டது. முதல் உலகப் போருக்குப் பிறகு பாதையைப் பார்க்கப் போன பத்திரிகைக்காரர்கள் கண்டது குண்டுக்குழிகளும் கருகி நின்ற மரங்களும்தான். கல்லுக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை.

வடக்குக்காற்று
சாலைகள் அதேதானா என்றால், பெரும்பாலும் இல்லை. 1896-ல் வடக்கு பிரான்ஸில் கல் பாவியதுதான் சாதாரணச் சாலை, யாருக்கும் அது விசேஷமாகத் தெரியவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஒவ்வொன்றாகத் தார் பூசிவிட்டார்கள். டிவியில் ஊர்ச்சாலை பழசாகத் தெரிவது கௌரவக் குறைச்சல் என்று நினைத்த மேயர்களும் உண்டு. அதன் பிறகே அமைப்பாளர்கள் வயல்வெளிப் பாதைகளைத் தேடி அலைந்தார்கள். 1968-ல் வந்த ஆரன்பெர்க் காட்டுப் பாதையைச் சொன்னவர் முன்னாள் உலக சாம்பியன் ழான் ஸ்தாப்லின்ஸ்கி. அதே காட்டுக்கு அடியிலிருந்த சுரங்கத்தில் வேலை பார்த்தவர்!

இன்று சுமார் 30 துண்டுகள், மொத்தம் 55 கி.மீ. அளவுக்குக் கல். துண்டுகளுக்கு எண்கள் இறங்குமுகமாகப் போகும், 1-ஆம் எண் துண்டு ரூபே வெலோட்ரோமுக்குச் சற்று முன்.

பஞ்சர்ஒட்டு
ஆரன்பெர்க்கின் ஆபத்து அதன் நீளத்தில் இல்லை, நுழையும் வேகத்தில். முன்னணி இடத்துக்கு எல்லோரும் முட்டிமோதி லேசான இறக்கத்தில் பாய்வார்கள். கற்களோ மேடும் பள்ளமுமாக, இடையில் விரல் நுழையும் சந்து. ஈரமானால் வழுக்கும். 1998-ல் பெல்ஜிய வீரர் யோஹான் முசேவ் இங்கே விழுந்து முழங்கால் சில்லு உடைந்து, புண் அழுகிக் காலையே இழக்கப் பார்த்தார். 2000-ல் மறுபடி ஜெயித்து, முடிவுக்கோட்டைத் தாண்டும்போது அந்த முழங்காலைக் காட்டினார். 2024-ல் வேகத்தைக் குறைக்கவே காட்டுக்கு முன் ஒரு வளைவைச் சேர்த்தார்கள்.

டயரைப் பொறுத்தவரை இப்போது 30–32 மி.மீ. சகஜம். காற்று அதிகமானால் சக்கரம் துள்ளிப் பிடிப்பு போகும். குறைந்தால் ரிம் நேராகக் கல்லில் இடிக்கும். ஓரத்து மண் சொகுசாகத்தான் இருக்கும், ஆனால் கூர்க்கல் கிடப்பதும் அங்கேதான். நடுமேடு பாதுகாப்பு.

ஒற்றைக்கியர்
நன்றி. வெற்றியாளர் பட்டியலில் 1949-க்கு நேரே இரண்டு பெயர் இருக்கிறதே, அச்சுப்பிழையா?

செயின்கவர்
இல்லை. முன்னே வந்த ஆந்த்ரே மாஹேவுக்கு வெலோட்ரோம் வாசலில் தப்பான வழியைக் காட்டிவிட்டார்கள். வேறு பக்கமாக உள்ளே வந்து முதலில் முடித்தார். பின்னால் வந்த கூட்டத்தில் முந்தியவர் புகழ்பெற்ற இத்தாலிய வீரர் ஃபாஸ்தோ கோப்பியின் தம்பி செர்ஸே. மாதக்கணக்கில் இழுபறிக்குப் பிறகு இருவருக்கும் வெற்றி என்று முடித்துவைத்தார்கள்.