ஹான்லேயில் குழந்தைகளுடன் கூடாரமிட்டுத் தங்கலாமா?

கேள்வி:
வரும் செப்டம்பரில், மனைவி, ஒன்பது வயது மகள், ஆறு வயது மகன் ஆகியோருடன் லடாக் சென்று, ஹான்லேயில் இரண்டு இரவுகள் சொந்தக் கூடாரத்தில் தங்க எண்ணியுள்ளோம். விண்மீன்களைக் கண்ணாரக் காண வேண்டும் என்பது மகளின் நெடுநாள் ஆசை. விமானத்தில் லே சென்று, ஒரு நாள் ஓய்வெடுத்து, மறுநாளே ஹான்லே புறப்படுவதாகத் திட்டம். இது குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளுமா? சமையலுக்கும் குளிருக்கும் என்ன ஏற்பாடு செய்வது?

பதில் 1:
கட்டாயம் செல்லுங்கள் ஐயா, ஆனால் இவ்வளவு வேகமாக வேண்டாம். லே சுமார் 3,500 மீட்டர் உயரத்திலும் ஹான்லே சுமார் 4,300 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஹான்லேயின் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 விழுக்காடே என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது. 3,000 மீட்டரைக் கடந்தபின், இரவு உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரே நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்றே மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். லேயில் மூன்று இரவுகள், வழியில் சுமாத்தாங்கில் ஓர் இரவு, அதன்பின் ஹான்லே என்று மாற்றிக்கொள்ளுங்கள். உயரம் ஒத்துக்கொள்ளாதபோது வரும் தலைவலியை ஆறு வயதுப் பிள்ளைக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. காரணமின்றிச் சிணுங்குவான், சாப்பாட்டைத் தள்ளிவிடுவான், வாந்தி எடுப்பான். அப்படி நேர்ந்தால், விடியட்டும் பார்க்கலாம் என்று காத்திராமல், உடனே தாழ்வான இடத்திற்கு இறங்கிவிட வேண்டும். ஆகவே வண்டியும் ஓட்டுநரும் இரவு முழுவதும் உங்களுடனேயே இருக்கட்டும்.

பதில் 2:
அந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அரிசி நடுவில் வேகாது, பருப்பு மசியவே மசியாது. சிறிய பிரஷர் குக்கர் ஒன்று அவசியம். எரிவாயுக் குப்பிகளை விமானத்தில் அனுமதிப்பதில்லை, லேயில்தான் வாங்க வேண்டும். குளிர் எவ்வளவு கடுமையானாலும் கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டாதீர்கள். அதிலிருந்து வெளியாகும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணமில்லை, உள்ளே சேர்வதே தெரியாது. பிற்பகலில் காற்று பலமாக வீசும், மணலில் கூடார முளைகள் நிற்காது என்பதால், கயிறுகளைப் பெரிய கற்களில் கட்டுவதே நல்லது.

பதில் 3:
ஹான்லே எல்லையோரப் பகுதி என்பதால், அங்கே செல்ல என்ன அனுமதி தேவை என்பதை லேயிலேயே விசாரித்துப் பெற்றுக்கொள்ளுங்கள். ஹான்லே 2022 இல் இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம் என்பதால், வெள்ளை விளக்குகளைத் தவிர்த்துச் சிவப்பு விளக்கையே பயன்படுத்துங்கள். ஈரப் புல்வெளிகள் கருங்கழுத்துக் கொக்குகள் வாழும் இடம், அங்கே கூடாரம் வேண்டாம். அமாவாசையை ஒட்டிய நாள்களைத் தேர்ந்தெடுத்தால், செப்டம்பரில் இருட்டிய உடனேயே தென்மேற்கில் பால்வெளி தெரியும். பிள்ளைகள் நள்ளிரவு வரை விழித்திருக்கத் தேவையில்லை.