புதுப்பிப்பு: 2012-ஆம் ஆண்டு டெஸ்க்டாப்பின் மந்தம் தீர்ந்தது

என் 2012-ஆம் ஆண்டு டெஸ்க்டாப்பில் 4 ஜிபி டிடிஆர்3 ரேம் (தற்காலிக நினைவகம்), பழைய ஹார்ட் டிஸ்க், திறக்கவே 6 நிமிடம் ஆகிறது, என்ன செய்யலாம் என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் ரேமை 8 ஜிபி ஆக்கினேன். பிரவுசர் சற்று இலகுவானது. திறக்கும் நேரம் குறையவில்லை. எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் பயன்பாடு 100 சதவீதத்திலேயே நின்றது. ஆகவே, "கோளாறு ஹார்ட் டிஸ்கில்தான்" என்ற நண்பரின் கணிப்பே சரி. 240 ஜிபி சாட்டா (டிஸ்கை மதர்போர்டுடன் இணைக்கும் முறை) வகை எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பகம்) பொருத்தி, விண்டோஸைப் புதிதாக நிறுவினேன். இப்போது 25 நொடியில் திறக்கிறது! மதர்போர்டின் சாட்டா வேகம் பழைய வகையான நொடிக்கு 3 ஜிகாபிட்தான். அதற்கே இவ்வளவு மாற்றம்.

எதிர்பாராத ஒன்று: மின் இணைப்பைத் துண்டித்து மீண்டும் இணைத்தபின் கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விட்டது, அதனால் இணையதளங்கள் எல்லாம் பாதுகாப்புப் பிழை காட்டின. மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட வைக்கும், மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தது. மாற்றியதும் சரியானது.