அரியமான் கடற்கரையில் நாயைக் கயிறில்லாமல் விடலாமா?

உச்சிப்புளி அப்பா:
ஞாயிறு சாயங்காலம் குடும்பத்தோட அரியமான் போயிருந்தோம். சவுக்குத் தோப்புக்கும் தண்ணிக்கும் நடுவுல என் மக ஓடி விளையாடிட்டு இருந்தா. நாலு வயசு. கன்னிங்கிற இனத்து நாய் ஒண்ணு, கழுத்துல பட்டை இருக்கு, கயிறு இல்லை, அவ பின்னாலயே பாய்ஞ்சு வந்து தள்ளி விட்டுருச்சு. கடிக்கல. முழங்கையில நகம் கீறி லேசா ரத்தம். சொந்தக்காரர் தூரத்துல நின்னுக்கிட்டே "ஒண்ணும் செய்யாது, விளையாடுது, புள்ளைய ஓட விடாதீங்க"ங்கிறார். ஊசி போட்டிருக்கான்னு கேட்டா, "வீட்டு நாய்க்கு எதுக்கு ஊசி"ன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டார்.

ராமநாதபுரத்துல இருந்து ராமேஸ்வரம் போற வழியில சின்னப் புள்ளைகளை நம்பி இறக்கிவிடுற கடற்கரை எத்தனை இருக்கு? பாக் நீரிணைப் பக்கம் அலை அடங்கி இருக்கிறதாலதான் இங்க வர்றோம். தனுஷ்கோடியில புள்ளையத் தண்ணியில விட யாருக்கும் மனசு வராது. இருக்கிற இந்த ஒரு இடத்துலயும் புள்ள ஓடக்கூடாதுன்னா எங்க ஓடுறது? நான் கேக்கிறது ரெண்டு. கடற்கரையில நாய்க்கு எப்பவும் கயிறு. சாயங்காலம் நாலு மணிக்கு மேல நாயே வேண்டாம்.

கன்னி வளர்ப்பவன்:
அண்ணே, பாப்பா இப்ப எப்படி இருக்கு? அந்த நாய் என்னுது இல்லை. ஆனா நானும் கன்னிதான் வளக்கிறேன், அதே கடற்கரைக்குத்தான் கூட்டிட்டு வர்றேன். அதனால பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு இருக்கு.

அந்த ஆள் நின்னு பேசாமப் போனது தப்பு. அதுல விவாதமே இல்லை. அதுக்காக ஊர்ல இருக்கிற நாய்க்கெல்லாம் சாயங்காலத் தடை கேக்கிறது நியாயமா? கன்னி, சிப்பிப்பாறை எல்லாம் வேட்டைக்குன்னு வளத்த சாதி. வனவிலங்குச் சட்டத்தால முயல் வேட்டை முடிஞ்சு போச்சு, ஓட்டம் மட்டும் அதுங்க உடம்புல அப்படியே இருக்கு. நாள் முழுக்கக் கட்டிப் போட்டா அந்த நாய் வெறுத்துப் போயிரும். கட்டியே கிடக்கிற நாய்தான் கடிக்கிற நாயா மாறும். ஊருக்குள்ள ஓட விட்டா வண்டியில அடிபடும், வயக்காட்டுல விட்டா ஆட்டுக்காரர் சண்டைக்கு வருவார். திறந்த மணல் எங்களுக்கும் வேணும். கடற்கரை புறம்போக்கு, அதுல உங்களுக்கு இருக்கிற உரிமை எனக்கும் உண்டு.

உச்சிப்புளி அப்பா:
தம்பி, நீங்க சொன்னதுலயே என் பதில் இருக்கு. ஓடுறதைத் துரத்துறது அந்த நாயோட பிறவிக் குணம்னு நீங்களே சொல்றீங்க. நாலு வயசுப் புள்ள ஓடாம எப்படி இருக்கும்? அப்ப அந்த நாய் "ஒண்ணும் செய்யாது"ன்னு யார் உறுதி கொடுக்க முடியும்? உங்களுக்கு உரிமை இருக்கு, சரி. கடற்கரையில யாரும் உங்க மேல மோதுறதில்லை. என் புள்ள மேல மோதுது.

மண்டபம் செவிலி:
சண்டைக்கு நடுவுல ஒண்ணு கேக்கணும். ரத்தம் வந்த கீறல்னு எழுதியிருக்கீங்க. ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா, இல்லையா?

ரேபிஸ் ஊசிக்காக நாயால வர்ற காயத்தை மூணு வகையாப் பிரிக்கிறாங்க. ரத்தம் வராத சின்னக் கீறல் இரண்டாம் வகை. அதுக்குத் தடுப்பூசி போதும். தோல் கிழிஞ்சு ரத்தம் வந்தா மூணாம் வகை. தடுப்பூசியோட காயத்தைச் சுத்தி இம்யூனோகுளோபுலினும் (உடனே வேலை செய்யிற எதிர்ப்பு மருந்து) போடணும். கடிச்சாத்தான் ஊசின்னு நிறையப் பேர் நெனச்சுக்கிட்டு இருக்காங்க. புண் இருக்கிற இடத்துல நாய் நக்கினாலும் அது மூணாம் வகைதான். முதல் வேலை, சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவணும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, மஞ்சள் எதையும் அப்பாதீங்க. ஊசி முதல் நாள், அதை 0-ன்னு வச்சு எண்ணி, பிறகு 3, 7, 28-ஆம் நாள். அரசு ஆஸ்பத்திரியில காசு கிடையாது. ரேபிஸ் நோய் வெளியில தெரிஞ்ச பிறகு காப்பாத்த வழி இல்லை, அதனால நாளைக்குப் பாக்கலாம்னு தள்ளாதீங்க.

அந்தச் சொந்தக்காரர் போயிட்டதுதான் எனக்கு ரொம்பக் கோவம். கடிச்ச நாயைப் பத்து நாள் கவனிச்சு, அது நல்லா இருந்தா மீதி ஊசியை டாக்டர் நிறுத்திக்கலாம். நாய் எங்க இருக்குன்னே தெரியலேன்னா அத்தனை ஊசியையும் அந்தப் பிஞ்சு தாங்கணும். பேரும் போன் நம்பரும் கொடுக்காமப் போறவரை நாய்ப் பிரியர்னு நான் சொல்ல மாட்டேன்.

உச்சிப்புளி அப்பா:
அன்னைக்கு ராத்திரியே போயிட்டோம் அக்கா. ரெண்டும் போட்டாங்க. அடுத்த ஊசிக்குப் போகும்போது வாசல்லயே அழ ஆரம்பிச்சிட்டா. இப்ப தெருவுல ஆட்டுக்குட்டி வந்தாக்கூட என் கால்ல ஒட்டிக்கிறா.

கீழக்கரை உம்மா:
இங்கே ஒருவரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நாங்கள் மாதம் ஒருமுறையாவது பிள்ளைகளோடு அரியமான் வருவோம். நாய் வந்து பிள்ளையின் முகத்தை நக்கினால், "பாருங்க, எவ்வளவு பாசமா இருக்கு" என்று சிரிக்கிறார்கள். நாங்கள் பின்பற்றும் ஷாஃபி என்ற இஸ்லாமியச் சட்ட வழியில் நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த தண்ணீரில். அசர் எனும் மாலைத் தொழுகை நேரத்தில் தொழுகைத் துணியோடு உட்கார்ந்திருக்கும் என் மாமி மேல் ஈர நாய் உரசிவிட்டுப் போனால் அவர் எழுந்து வீட்டுக்குத்தான் போக வேண்டும். இது நாய் மேல் வெறுப்பு இல்லை. தாகத்தில் தவித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரைப் பற்றிச் சின்ன வயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் தெரு நாய்களுக்கு வாசலில் தண்ணீர் வைக்கிறோம். தொடுவதா வேண்டாமா என்பதை நான் முடிவு செய்ய வேண்டும், அந்த நாயின் சொந்தக்காரர் இல்லை. இதை மட்டும்தான் கேட்கிறேன்.

கன்னி வளர்ப்பவன்:
லாத்தா, நீங்க சொன்னதை ஏத்துக்கிறேன். அடுத்தவங்க மேல நாய் பாயாம பாத்துக்கிறது என் வேலை.

ஆனா அண்ணன்கிட்ட ஒண்ணு கேக்கணும். பெத்தவங்க பக்கம் எதுவுமே இல்லையா? நான் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஓரமா உக்காந்திருக்கேன். பசங்க வந்து வாலைப் பிடிச்சு இழுக்கிறாங்க, மேல மணலை அள்ளிப் போடுறாங்க, பிஸ்கட்டைக் காட்டிட்டு ஓடுறாங்க. அம்மா அப்பா போன்ல இருக்காங்க. "தொடலாமா?"ன்னு கேக்கிற புள்ள நூத்துல ஒண்ணு. நாய் பல்லைக் காட்டினா உடனே கெட்ட நாய் ஆயிருது. அது அதுக்கு முன்னாடியே உதட்டை நக்கியிருக்கும், மூஞ்சியைத் திருப்பியிருக்கும், உடம்பை வெறைப்பா வச்சிருக்கும். "தள்ளிப் போ"ன்னு அது அத்தனை தடவை சொல்லியாச்சு. வாலை ஆட்டுனா சந்தோசம்னு மட்டும் படிச்சு வச்சிருக்காங்க.

மண்டபம் செவிலி:
இதை நானும் ஒத்துக்கிறேன். நாய் கிட்ட வந்தா ஓடாம மரம் மாதிரி நிக்கணும், கையை உடம்போட ஒட்டி வச்சுக்கிட்டு தரையைப் பாக்கணும். விழுந்துட்டா சுருண்டு படுத்து காதையும் கழுத்தையும் கையால மூடிக்கணும். பள்ளிக்கூடத்துல இதைச் சொல்லிக் கொடுக்கணும். சின்னப் புள்ளைகளோட உயரம் நாயோட வாய்க்கு நேரா இருக்கு. அதனாலதான் பெரியவங்களுக்குக் கால்ல படுற கடி புள்ளைகளுக்கு முகத்துலயும் கழுத்துலயும் படுது. மூளைக்குப் பக்கம்கிறதால ஆபத்தும் கூட. வீட்டுல திட்டுவாங்கன்னு கடியை மறைக்கிற புள்ளைகளும் உண்டு. தயவு செஞ்சு திட்டாதீங்க.

அதுக்காக நாலு வயசுப் புள்ள இதையெல்லாம் ஞாபகம் வச்சுக்கிட்டு நிக்கும்னு எதிர்பாக்க முடியாது.

வலைக்காரர் மகள்:
நீங்க ரெண்டு பேரும் கழுத்துப்பட்டை போட்ட நாயைப் பத்தியே பேசிக்கிட்டு இருக்கீங்க. எங்க கரையில பாதி நாய்க்கு எசமான்னு தனியா ஒருத்தர் இல்லை. எங்க வீட்டுல சோறு திங்கும், பக்கத்து வீட்டுப் படகு நிழல்ல படுக்கும், ராத்திரி வலைக்கும் காயப்போட்ட கருவாட்டுக்கும் காவல் இருக்கும். யாரு நாயின்னு கேட்டா எல்லாரும் "நம்ம கரை நாய்"ம்பாங்க. கடிச்சிருச்சுன்னு வந்து நின்னா ஒருத்தரும் எங்க நாயின்னு சொல்ல மாட்டாங்க. இதுக்கு எங்க போயிக் கயிறு கட்டுவீங்க?

இன்னொன்னு. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மட்டும்தான். மீன் கழிவு கொறைஞ்சா நாய் வயிறு காயும். சரியா அதே மாசத்துலதான் பள்ளிக்கூடம் லீவு விட்டு வெளியூர்ப் புள்ளைகளெல்லாம் கையில பொட்டலத்தோட கடற்கரைக்கு வரும். பசிச்ச நாயும் பொட்டலம் வச்சிருக்கிற புள்ளையும் ஒரே மணல்ல. எங்க ஊர்ல சண்டை வர்றது பெரும்பாலும் அந்த ரெண்டு மாசத்துலதான். இதை நெனச்சுப் பாக்காம போர்டு மட்டும் வச்சா என்ன நடக்கும்?

சட்டம் படிப்பவள்:
இரண்டையும் பிரித்துப் பேச வேண்டும். வளர்ப்பு நாய் என்றால் பொறுப்பு முழுவதும் வளர்ப்பவருடையது. தன்னிடம் உள்ள விலங்கால் மனித உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 291-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறின. அப்போது சொந்தக்காரரைக் கைது செய்தார்கள். உச்சிப்புளி அண்ணன் வண்டி எண்ணைக் குறித்து வைத்திருந்தால் இப்போதும் புகார் கொடுக்கலாம்.

கரை நாய்கள் வேறு விஷயம். 2023-ஆம் ஆண்டு விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி அவற்றுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்ய வேண்டியது உள்ளாட்சியின் கடமை. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும், வெறிபிடித்த அல்லது மூர்க்கமான நாய்களைத் தவிர மற்றவற்றை ஊசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. தெருவில் கண்ட இடத்தில் சோறு போடக் கூடாது, அதற்கென்று இடம் ஒதுக்க வேண்டும் என்றும் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் இருந்து நாய்களை அகற்றி, திரும்ப அங்கே விடக் கூடாது என்றது.

கன்னி வளர்ப்பவன்:
ராட்வைலரையும் கன்னியையும் ஒரே தட்டுல வைக்காதீங்க. 2024 மார்ச்ல மத்திய அரசு 23 இனத்தைத் தடை பண்ணச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. கர்நாடக உயர் நீதிமன்றத்துலயும் டெல்லி உயர் நீதிமன்றத்துலயும் அது நிக்கலை. இனத்தைப் பாத்துப் பயப்படுறது தப்பு, வளக்கிற ஆளைப் பாக்கணும்.

உச்சிப்புளி அப்பா:
நான் இனத்தைப் பத்திப் பேசவே இல்லை தம்பி. கயிறைப் பத்திப் பேசுறேன்.

ஆமைக் காவல்:
ஜனவரியில இருந்து ஏப்ரல் வரை இந்தக் கரைகள்ல பங்குனி ஆமை முட்டையிட ஏறும். நாய் தோண்டித் தின்னுரும், அதனாலதான் வனத்துறை முட்டைகளை எடுத்துட்டுப் போய்ப் பொரிப்பகத்துல வைக்குது. விதி எழுதுறதா இருந்தா இதையும் சேருங்க. இருட்டின பிறகு வளர்ப்பு நாய் மணல்ல வேண்டாம்.

கால்நடை மாணவன்:
மணலைப் பற்றி ஒன்று. கொக்கிப்புழு இருக்கும் நாய் மலம் கழித்தால் அதன் குடம்பிகள் (இளம் புழுக்கள்) ஈர மணலில் உயிரோடு இருக்கும். வெறுங்காலோடு விளையாடும் குழந்தையின் தோல் வழியே ஏறி, கோடு கோடாகச் சிவந்து தாங்க முடியாத அரிப்பு வரும். குடற்புழு மருந்து கொடுக்காத நாயைக் கடற்கரைக்குக் கூட்டி வராதீர்கள். கையில் ஒரு பை வைத்திருந்து அள்ளி எடுங்கள். "வீட்டு நாய்க்கு எதுக்கு ஊசி" என்ற பேச்சு வேதனையாக இருக்கிறது. வெறிநாய் வேலி தாண்டி வந்து கடிப்பதும் வீட்டு நாயைத்தான். குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு ஆண்டுதோறும். விலங்குவழி நோய்கள் தினமான ஜூலை 6, வெறிநோய் தினமான செப்டம்பர் 28 போன்ற நாட்களில் கால்நடை மருந்தகங்களில் இலவசமாகவே போடுகிறார்கள்.

கன்னி வளர்ப்பவன்:
சரி, நான் எதுக்கெல்லாம் தயார்னு சொல்லிடுறேன். ஊசிச் சீட்டை போன்ல வச்சிருப்பேன், யார் கேட்டாலும் காட்டுவேன். பை வச்சிருப்பேன். ஆள் இருக்கிற இடத்துல கயிறு, நாலு முழத்துக்கு மேல நீளம் இல்லை. காலையில ஏழு மணிக்கு முன்னாடி, படகு கட்டாத பக்கம் மட்டும் அவிழ்த்து விட விடுங்க. வாய்ப்பூட்டுக்கு ஒத்துக்க மாட்டேன். இந்த வெயில்ல நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும், இறுக்கி மாட்டினா செத்துப் போயிரும். சாயங்காலத் தடைக்கும் ஒத்துக்க மாட்டேன். காலையில எனக்கு வேலை. மாசத்துல பாதி நாள் சாயங்காலம்தான் வர முடியும்.

உச்சிப்புளி அப்பா:
வாய்ப்பூட்டு நான் கேக்கவே இல்லை. காலையில அவிழ்க்கிறதும் சரி. ஆனா சாயங்காலம் நாலுல இருந்து ஆறரை வரைக்கும் புள்ளைக விளையாடுற அந்தத் தோப்பு முன்பக்கம் மட்டுமாவது நாய் இல்லாம இருக்கட்டும். கயிறு கட்டினாலும் வேண்டாம். கயிறு கட்டின நாயைப் பாத்தாலும் என் மக இப்ப நடுங்குறா. அவளுக்குன்னு அரை பர்லாங் மணல் கேக்கிறேன். மீதிக் கடற்கரை முழுக்க உங்களுக்கு.

கீழக்கரை உம்மா:
தோப்பு முன்பக்கம் என்றால் பெண்கள் உட்காரும் பக்கமும் அதில் வர வேண்டும் தம்பி. அதைத் தெளிவாக எழுதுங்கள்.

வலைக்காரர் மகள்:
எழுதுங்க, கிராம சபையில வைங்க. ஆனா எங்க கரை நாய்க்கு ஊசி போடாம இதெல்லாம் அரைகுறைதான். மருந்தகத்துல கேட்டேன், நாயைப் பிடிச்சுக் கொடுக்க ஆள் இருந்தா கரைக்கே வந்து போடுறோம்னாங்க. சோறு போடுறவங்க கூப்பிட்டா அதுங்க வரும். கழுத்தைப் பிடிச்சுக்கத்தான் பழக்கப்பட்ட ஆள் வேணும். மீன்பிடித் தடைக்காலம் தொடங்குறதுக்கு முன்னாடி முடிக்கணும். அந்த ரெண்டு மாசமும் மிச்சச் சோறை ஒரே இடத்துல, படகுகளுக்குப் பின்னாடி வைக்கிறதுன்னு எங்க தெருப் பொம்பளைங்ககிட்டப் பேசிட்டேன். சனிக்கிழமை காலையில யார் வர்றீங்க?

கன்னி வளர்ப்பவன்:
நான் வர்றேன் அக்கா. எனக்குப் பிடிக்கத் தெரியும், கூட ரெண்டு பசங்களையும் கூட்டிட்டு வர்றேன். தோப்பு முன்பக்கத்தை விட்டுத் தர்றதைப் பத்தி கிராம சபையில பேசுறேன், இங்க இப்பவே ஆமான்னு சொல்ல முடியாது.

உச்சிப்புளி அப்பா:
மகளுக்கு அடுத்த ஊசி ஞாயித்துக்கிழமைதான். அதனால சனிக்கிழமை நானும் வந்துடுறேன். சபையில நானும் பேசுவேன்.