வீட்டு பி.பி. மெஷின் தடவைக்கு ஒரு நம்பர் காட்டுது, எதை எடுத்துக்கறது?

வல்லம்வாசி
அப்பாவுக்கு 61 வயசு, பி.பி. மாத்திரை சாப்பிடறார். வீட்டுல டிஜிட்டல் மெஷின் இருக்கு, கையில பட்டை கட்டுற வகை. காலைல அடுத்தடுத்துப் பார்த்தா 152/90, 141/86, 146/84ன்னு வருது. மெஷின் கோளாறா? டாக்டர்கிட்ட எதைச் சொல்றது?

வார்டு7
கோளாறா இருக்கணும்னு அவசியம் இல்லை சார். ரத்த அழுத்தம் துடிப்புக்குத் துடிப்பு மாறும். முதல் அளவு கொஞ்சம் ஏறி வர்றது சகஜம். டாக்டருக்கு வேண்டியது சராசரி.

காலைல எழுந்து ஒரு மணி நேரத்துக்குள்ள, சிறுநீர் கழிச்சிட்டு, காபிக்கும் மாத்திரைக்கும் முன்னாடி பாருங்க. சாயங்காலம் ஒரு தடவை, சாப்பாட்டுக்கு முன்னாடி. ஒவ்வொரு வேளையும் ஒரு நிமிஷ இடைவெளியில ரெண்டு அளவு. ஏழு நாள் எழுதி, முதல் நாளை அடிச்சிட்டு மீதி எல்லாத்துக்கும் சராசரி போடுங்க. வீட்டு அளவுக்கு 135/85 தான் எல்லைக்கோடு. 140/90ங்கறது கிளினிக்குல எடுக்கறதுக்கு. வீட்டுச் சராசரி 135/85ஐ எட்டினாலோ தாண்டினாலோ நோட்டோட டாக்டரைப் பாருங்க. வயசையும் சர்க்கரையையும் பார்த்து அவர் வேற இலக்கு சொன்னா அதுதான் கணக்கு.

பெரும்பாலும் தப்பு நடக்கறது உட்கார்ற விதத்துல. தரையில சம்மணம் போட்டோ, சோபாவுல சாய்ஞ்சோ பார்க்க வேண்டாம். முதுகு சாயற நாற்காலி, ரெண்டு பாதமும் தரையில, கால் மேல கால் கூடாது. பட்டை நெஞ்சு மட்டத்துல நிக்கணும். டீப்பாய் தாழ்வா இருந்தா முழங்கைக்குக் கீழே தலையணை வையுங்க. கை 10 செ.மீ. கீழே இறங்கினாலே 7, 8 கூடிடும். அஞ்சு நிமிஷம் சும்மா உட்கார்ந்த பிறகுதான் பட்டனை அழுத்தணும். அளக்கும்போது "எவ்வளவு வருது?"ன்னு அவர்கிட்ட கேட்காதீங்க, பதில் சொன்னாலே ஏறும்.

பட்டைவாரி
மேலே சொன்னதோட பட்டை அளவையும் பாருங்க, இதை யாரும் கவனிக்கறதில்லை. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவுல டேப் வைச்சுச் சுற்றளவு எடுங்க. மெஷினோட வர்ற பட்டை பெரும்பாலும் 22–32 செ.மீ. கைக்குத்தான். அதைவிடப் பருத்த கைக்கு அதையே இறுக்கிக் கட்டினா பி.பி. இல்லாதவருக்கும் பி.பி. காட்டும். பட்டையோட கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2 செ.மீ. மேலே, ஒரு விரல் நுழையற இறுக்கம். சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏத்தினா அதுவே கயிறு மாதிரி இறுக்கும், கழட்டிடுங்க.

முதல் நாள் ரெண்டு கையிலயும் பாருங்க. ஒரு கையில தொடர்ந்து 10க்கு மேல கூடுதலா வந்தா இனி அந்தக் கையிலயே பார்க்கணும், டாக்டர்கிட்டயும் சொல்லணும். துடிப்பு ஒழுங்கில்லைன்னு இதயக் குறி அடிக்கடி வந்தா அந்த அளவை நம்பாம ஒரு ஈ.சி.ஜி. எடுக்கறது நல்லது.

கல்லுப்பு
தம்பி, சமையல்ல உப்பையும் அளந்து பாருங்க. ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழேன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, தலை தட்டின ஒரு டீஸ்பூன். உப்பு பாக்கெட்டைப் பிரிக்கும்போதே தேதி எழுதி வைங்க. நாலு பேர் வீட்டுல ஒரு கிலோ 50 நாளாவது வரணும்; 30 நாள்லயே தீர்ந்தா ஆளுக்கு 8 கிராம் தாண்டுதுன்னு அர்த்தம். கடையில வாங்கற ஊறுகாய், அப்பளம், கருவாடு இந்தக் கணக்குல வராது, அது தனி.

இந்துப்புக்கு மாத்தினா போதும்னு சொல்லுவாங்க. அதுலயும் பி.பி.யை ஏத்தற சோடியம்தான், காசுதான் கூட. சோடியம் குறைச்ச உப்புல பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, டெல்மிசார்ட்டன், எனலாபிரில் மாதிரி பி.பி. மாத்திரை சாப்பிட்டாலோ டாக்டரைக் கேட்காம வாங்காதீங்க.

வல்லம்வாசி
நன்றிங்க. பட்டை சின்னதுதான், கை 34 செ.மீ. இருக்கு. திடீர்னு 180ன்னு காட்டினா உடனே இன்னொரு மாத்திரை கொடுக்கலாமா?

வார்டு7
கொடுக்காதீங்க. சட்டுனு இறக்கினா மூளைக்குப் போற ரத்தம் குறையலாம். அஞ்சு நிமிஷம் உட்கார வைச்சு மறுபடி பாருங்க. அப்பவும் 180/120 தாண்டி, தொந்தரவு எதுவும் இல்லைன்னா அன்னைக்கே டாக்டருக்குப் போன் பண்ணுங்க. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணறது, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் வராம போறது, இதுல ஒண்ணு இருந்தாலும் மறுபடி அளந்துட்டு நிக்காதீங்க, 108. மூட்டு வலிக்கு டைக்ளோபினாக் மாதிரி எதையாவது அவரே வாங்கிப் போடறாரான்னும் கேளுங்க, அதுவும் பி.பி.யை ஏத்தும். 34க்குப் பெரிய பட்டை, 32–42ன்னு போட்டது, அதே கம்பெனியோடதா வாங்குங்க.