புல்லட் 350 (1986): 25 கி.மீ. ஓடியதும் அணைந்துவிடுகிறது, ஆறினால் மறுபடி ஓடுகிறது. உதவி தேவை

கம்பம்சாலை86 எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 1986 மாடல் புல்லட் 350. இரும்பு பேரல், வலதுகால் கியர், பாயிண்ட் (கரண்டைத் திறந்து மூடும் தொடுமுனை) வைத்த இக்னிஷன். பெரியப்பா புதிதாக எடுத்த வண்டி, பதினோரு வருடமாக என் கையில் இருக்கிறது.

தேனியில் கிளம்பினால் வீரபாண்டி தாண்டும் வரை எந்தக் குறையும் இல்லை. சின்னமனூர் நெருங்கும்போது இரண்டு மூன்று முறை இடறும், சைலன்சரில் 'டப்' என்று ஒரு வெடி, அப்புறம் அணைந்துவிடும். எத்தனை கிக் அடித்தாலும் வராது. மரத்தடியில் இருபது நிமிடம் நிறுத்தினால் ஒரே கிக்கில் பிடித்துக்கொள்ளும். அதன்பின் பத்து, பன்னிரண்டு கி.மீ. போனதும் அதே கதை.

இதுவரை செய்தது: பிளக் புதிது. கார்பரேட்டரைக் கழற்றி ஜெட்டெல்லாம் ஊதியாகிவிட்டது. பெட்ரோல் டேப்பில் உள்ள சல்லடை, டியூப், ஏர் ஃபில்டர் எல்லாம் சுத்தம். 20டபிள்யூ50 ஆயில் மாற்றி இரண்டு மாதம் ஆகிறது.

மெக்கானிக் 'பிஸ்டன் பிடிக்குது, போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் போடணும்' என்கிறார். அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவது, பதினாறாயிரம் வரை ஆகுமாம். இந்த இன்ஜினை இதுவரை யாரும் பிரித்ததில்லை, அதனால் மனசு வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன சித்திரையில் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாற்றினோம். பேட்டரி, ரெகுலேட்டர், பல்புகள், ஹாரன் எல்லாம் புதிது. வெளிச்சம் பிரமாதம். அதற்குப் பிறகு வீட்டிலிருந்து அலுவலகம் வரை நாலு கி.மீ. மட்டும்தான் ஓட்டினேன். இந்த ஆடியில்தான் வாராவாரம் அம்மாவைப் பார்க்கக் கம்பம் போக ஆரம்பித்தேன். முதல் வாரமே நின்றுவிட்டது.

வலதுகால்கியர் எழுதியது:

போர் போட அவசரப்படாதீர்கள் அண்ணே. பிஸ்டன் பிடித்தால் யாரோ பிரேக் பிடித்த மாதிரி வண்டி இழுத்துக்கொண்டு நிற்கும், பின்சக்கரம் தேயும். அணைந்த உடனே கிக்கை மிதித்தால் கல்லு மாதிரி இருக்கும். உங்களுக்கு இடறி, வெடித்து, அணைகிறது. அது வேறு ஜாதி. அணைந்த கையோடு டீகம்ப்ரசரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் லீவர்) பிடித்துக்கொண்டு மெதுவாக மிதித்துப் பாருங்கள். சாதாரணமாக இறங்குகிறதா?

தண்டவாளம்_ஓரம் எழுதியது:

டேங்க் மூடியில் ஒரு பொடி ஓட்டை இருக்கும். அது அடைத்துக்கொண்டாலும் பெட்ரோல் இறங்காமல் இப்படித்தான் நிற்கும். அடுத்த முறை நின்றதும் முதலில் மூடியைத் திறங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே போனால் விஷயம் அதோடு முடிந்தது, ஓர் ஊசி போதும்.

கம்பம்சாலை86 எழுதியது:

நேற்று கம்பம் போனேன், அதே இடத்தில் நின்றது. கிக் சாதாரணமாக இறங்குகிறது. டீகம்ப்ரசரை விட்டு மிதித்தால் கம்ப்ரஷனில் கால் நிற்கிறது. பிஸ்டன் பிடிக்கவில்லை என்று இப்போது நம்பிக்கை வந்துவிட்டது. டேங்க் மூடியைத் திறந்தேன், சத்தம் ஏதும் இல்லை, திறந்தே வைத்து மிதித்தும் வரவில்லை. அதுவும் இல்லை.

கிழக்குமலை எழுதியது:

கண்டென்சர். பாயிண்டில் பொறி பறக்காமல் தடுக்கும் சின்ன உருளை. நூற்றுக்குத் தொண்ணூறு இதுதான். சூடானால் படுத்துவிடும், ஆறினால் எழுந்துகொள்ளும். பாயிண்ட் மூடியைக் கழற்றிவிட்டு, இருட்டில் இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். பாயிண்ட் நடுவில் பெரிய பொறி பறந்தால் கண்டென்சர் போய்விட்டது என்று அர்த்தம். விலையும் அதிகமில்லை, மாற்றிவிட்டே பேசலாம்.

கம்பம்சாலை86 எழுதியது:

கண்டென்சரை மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினேன், சின்னமனூர் தாண்டி இரண்டு கி.மீ. கூடப் போனது. சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் நின்றுவிட்டது.

இந்த முறை பிளக்கைக் கழற்றி ஹெட்மேல் படுக்க வைத்துக் கிக் அடித்தேன். பொறி மங்கலாக, மஞ்சளாக, நாலு மிதிக்கு ஒரு முறைதான் வந்தது. ஆறியபின் பார்த்தால் நீலமாக 'டிக்' என்று சத்தத்தோடு அடிக்கிறது. பாயிண்ட் முகம் இரண்டும் கருகியிருக்கின்றன, ஒன்றில் குழி, எதிர்ப்பக்கம் சின்ன மேடு. ஆறு மாதத்துக்கு முன்புதான் புது பாயிண்ட் போட்டது.

பழைய_இரும்பு எழுதியது:

தம்பி, உங்கள் முதல் பதிவை இரண்டு முறை படித்தேன். 12 வோல்ட்டுக்கு மாற்றியபோது பேட்டரி, ரெகுலேட்டர், பல்புகள், ஹாரன் புதிது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பட்டியலில் இக்னிஷன் காயில் (பிளக் பொறிக்கு வோல்ட்டை உயர்த்தும் கம்பிச்சுருள்) இல்லை. மறந்து விட்டதா, மாற்றவே இல்லையா?

மாற்றவில்லை என்றால் உங்கள் வண்டியில் இன்னும் 6 வோல்ட் காயில்தான் இருக்கிறது. அதன் பிரைமரி (பேட்டரி கரண்ட் ஓடும் சுற்று) சுமார் ஒன்றரை ஓம். 6 வோல்ட் கொடுத்தால் 4 ஆம்பியர் இழுக்கும். அதே காயிலுக்கு 12 வோல்ட் கொடுத்தால் 8 ஆம்பியர். கரண்ட் இரண்டு மடங்கு ஆனால் சூடு நாலு மடங்கு. 24 வாட் சூடு தாங்கச் செய்த காயிலில் 96 வாட் போகிறது. பாயிண்ட் மூடியிருக்கும் நேரம் மட்டும்தான் என்றாலும், அரை மணி நேர ஓட்டத்தில் காயில் வெந்துவிடும். உள்ளே கம்பிச் சுற்றுக்குப் போட்ட வார்னிஷ் சூட்டில் இளகிச் சுற்றுக்குச் சுற்று ஒட்டிக்கொள்ளும், பொறி செத்துப்போகும். ஆறினால் பிரிந்து மறுபடி வேலை செய்யும். நாலு கி.மீ. அலுவலகம் போய் வந்தவரை காயிலுக்குச் சூடேற நேரமே இருந்திருக்காது. ஆறே மாதத்தில் பாயிண்ட் கருகியதும் அந்த 8 ஆம்பியரால்தான்.

வேறு எதையும் வாங்காமல் மூன்று பரிசோதனை செய்யுங்கள். சாவியைப் போட்டு, இன்ஜின் ஓடாமல், கிக்கை மெதுவாக நகர்த்திக்கொண்டே அம்மீட்டர் முள்ளைப் பாருங்கள். பாயிண்ட் மூடினால் முள் இடதுபக்கம் சாயும், திறந்தால் நடுவுக்கு வரும். எவ்வளவு சாய்கிறது என்று சொல்லுங்கள். பார்த்ததும் சாவியை அணைத்துவிடுங்கள், அப்படியே விட்டால் காயில் இன்னும் வேகும். இரண்டாவது, வயரைக் கழற்றிவிட்டு காயிலின் இரண்டு சின்ன முனைகளுக்கு இடையே மல்டிமீட்டர் வைத்து எத்தனை ஓம் என்று பாருங்கள். மூன்றாவது, வழியில் செய்ய வேண்டியது: வண்டி நின்றதும் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து காயில்மேல் சுற்றிவிட்டு ஐந்தே நிமிடத்தில் மிதியுங்கள்.

இன்ஜினைப் பற்றியும் ஒரு வார்த்தை. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், கம்ப்ரஷன் வெறும் 6.5க்கு 1. திருவொற்றியூரில் செய்த இந்த இரும்பு இன்ஜின் 50, 60 வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது தானாகச் சூடாகி நிற்காது. ஆயிலும் டைமிங்கும் (பொறி அடிக்கும் நேரம்) சரியாக இருந்தால் கம்பம் என்ன, குமுளி மலையும் ஏறும். அது நின்றால் நான் முதலில் கரண்டைத்தான் சந்தேகப்படுவேன்.

கம்பம்சாலை86 எழுதியது:

ஐயா, காயில் மாற்றவே இல்லை. வேலை செய்தவரிடம் போனில் கேட்டேன், பழசு நன்றாகத்தான் இருந்தது என்று விட்டுவிட்டாராம்.

அம்மீட்டர் முள் இடது ஓரத்தில் கிட்டத்தட்ட முட்டிக்கொள்கிறது. 12 வோல்ட் போட்டதிலிருந்தே அப்படித்தான். பவர் கூடியதால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மல்டிமீட்டரில் 1.6 ஓம்.

இன்று மாலை வேண்டுமென்றே ஓட்டிக்கொண்டு போனேன். நின்றதும் காயில்மேல் கை வைத்தேன், ஒரு நொடிகூட வைக்க முடியவில்லை. பக்கத்துத் தோப்பு மோட்டார் தொட்டியில் துண்டை நனைத்துச் சுற்றினேன். ஆவி பறந்தது. ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை, இரண்டாவது கிக்கில் பிடித்துக்கொண்டது. அந்த ரோட்டிலேயே உங்களுக்குக் கும்பிடு போட்டேன்.

எந்த காயில் வாங்குவது? கூடவே என்னென்ன மாற்ற வேண்டும்?

பழைய_இரும்பு எழுதியது:

பாயிண்ட் வண்டிக்கான 12 வோல்ட் காயில், பிரைமரி 3 முதல் 4 ஓம். கடையிலேயே மீட்டர் வைத்துப் பார்த்து வாங்குங்கள். புல்லட்டுக்கென்றே கிடைக்கும். கிடைக்காவிட்டால் பழைய அம்பாசடர் காருக்குப் போடுவது மாதிரியான 12 வோல்ட் காயிலும் ஆகும், ஆனால் பிராக்கெட் பொருந்த வேண்டும். எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கான காயிலைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஓம் குறைவாக இருக்கும், பழைய சிக்கலே திரும்பி வரும். வெந்த காயிலை ஸ்பேராக வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

பாயிண்ட் செட் புதிதாகப் போடுங்கள். புதுப் பாயிண்டில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும், பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். கேப், அதாவது பாயிண்ட் திறக்கும் இடைவெளி, 0.35 முதல் 0.40 மி.மீ. பாயிண்ட் கேம் மேல் அரிசி அளவு கிரீஸ் தடவ மறந்துவிடாதீர்கள். காய்ந்துபோனால் ஃபைபர் குதிகால் தேயும், கேப் குறையும், டைமிங் பின்னுக்குப் போகும், இன்ஜின் சூடாகும். கேப் வைத்த பிறகுதான் டைமிங்: அட்வான்ஸ் (வேகம் கூடினால் பொறியை முன்னால் தள்ளும் எடைகள்) முழுக்கச் சுருங்கியிருக்கும் நிலையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால் பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். திறக்கும் அந்த நொடியை உங்கள் அம்மீட்டரே காட்டிக்கொடுக்கும், முள் நடுவுக்குத் துள்ளும்.

கிழக்குமலை எழுதியது:

கண்டென்சர் என்று அடித்துச் சொன்னது நான். ஐயா சொல்லும்வரை காயில் எனக்குத் தோன்றவே இல்லை. புது கண்டென்சர் வண்டியில் இருக்கட்டும், புது பாயிண்ட் போடும்போது அதுவும் புதிதாக இருப்பது நல்லது. பழையதை டூல்பாக்ஸில் போட்டுவையுங்கள்.

கம்பம்சாலை86 எழுதியது:

முடிந்தது. காயில் 3.3 ஓம், பாயிண்ட் செட், கொஞ்சம் வயர், எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறுக்குள். டைமிங்கை வலதுகால்கியர் அண்ணன் வீடியோ காலில் இருந்து சொல்லச் சொல்ல நானே வைத்தேன். முள் துள்ளியதைப் பார்த்தபோது கை நடுங்கியது.

நேற்று தேனியிலிருந்து கிளம்பி சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் வரை எங்கேயும் நிற்காமல் போய்த் திரும்பினேன். லோயர் கேம்ப்பில் டீ குடிக்கும்போது காயிலைத் தொட்டேன், இளஞ்சூடுதான். திரும்பும் வழியில் அம்மா வீட்டு வாசலில் அணைத்து, சாப்பிட்டுவிட்டு வந்து மிதித்தேன், முதல் கிக். இப்போது முள் முன்பு போனதில் பாதிதான் சாய்கிறது.

மெக்கானிக்கிடம் பழைய காயிலையும் மீட்டரையும் கொண்டுபோய்க் காட்டினேன். உட்கார்ந்து அளந்து பார்த்தார், 'அடுத்த கன்வெர்ஷனுக்கு இதை முதலில் பார்ப்பேன்' என்றார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

ஒரு சின்ன சந்தேகம் மட்டும் மீதி. சூடானதும் மேலே லேசாக ஒரு தட்டல் சத்தம், முன்பும் இருந்தது. டாப்பெட் (வால்வு இடைவெளி) சத்தமா?

வலதுகால்கியர் எழுதியது:

டாப்பெட்டாக இருக்கலாம். கொஞ்சம் சத்தம் இந்த வண்டிக்குச் சகஜம்தான், சூட்டில் கூடவா குறையவா என்று மட்டும் கவனியுங்கள். காலையில் வண்டி முழுக்க ஆறியிருக்கும்போது கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, வலதுபக்கம் பேரல் அடியில் உள்ள சின்ன மூடியைக் கழற்றுங்கள். உள்ளே வால்வுகளை இயக்கும் இரண்டு புஷ்ராடு கம்பிகளும் விரலால் சுற்றினால் சுலபமாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆட்டினால் ஆடக் கூடாது. ஆடினால் மட்டும் சரிசெய்யுங்கள். இறுக்கி மட்டும் விடாதீர்கள், வால்வு கருகிவிடும். ஞாயிறு காலை பார்த்துவிட்டு எழுதுங்கள், நான் இருப்பேன்.